சாவி என் கையில் இருந்தது

4 ஆகஸ்ட்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. மாமா நன்றாக இருக்கிறார். உன் மருமகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், ஒழுங்காகப் படிப்பதில்லை.

நீதிமன்ற வாசலில் உன்னிடம் கடைசியாக என்ன சொன்னேன் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் எழுதவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டும் அந்த பஸ் கம்பெனிக்காரன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயே, அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் டீசல் வண்டியைப் பற்றிக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

நீ உள்ளே போன பிறகு நான் ஒரு வேன் வாங்கினேன். பழைய வண்டி. வாங்கிய இடத்திலேயே ஒரு வருடத்துக்கு எஞ்சினுக்கு வாரண்டி கொடுத்தார்கள். தையல் ஆலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிப் போய், மாலையில் அவரவர் தெருவில் இறக்கிவிடுகிறேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு காலை, ஆலை வாசலில் நிறுத்தினேன். கியரை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி உருவினேன். எஞ்சின் நிற்கவில்லை. நான்தான் சரியாகத் திருப்பவில்லை என்று முதலில் நினைத்தேன். தம்பி, சாவி என் கையில் இருந்தது. கையில் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எஞ்சின் ஓடுகிறது. காலைத் தரையில் வைத்திருக்கிறேன், சத்தம் தானாக ஏறுகிறது. ஏறி ஏறி, கடைசியில் அது எஞ்சின் சத்தமாகவே இல்லை. தொண்டை கிழியக் கத்துகிற ஏதோ ஒரு பிராணி வண்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பின்னால் வெள்ளைப் புகை தெருவையே மூடிவிட்டது. "வெடிக்கப்போகுது!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஒரே கதவில் முண்டியடித்தார்கள். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் இருப்பவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் காஜாக்கா. அவர் பின்கதவைத் திறந்து குதித்தார். விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

ஆலையில் கொதிகலன் பார்க்கிற ஆள் ஓடிவந்து, பானெட்டைத் தூக்கி, காற்று போகிற குழாயில் ஈரச் சாக்கைத் திணித்தார். எஞ்சின் இருமி இருமி அடங்கியது.

வாரண்டி கேட்டேன். பதில் வந்துவிட்டது: "உரிமையாளரின் கவனக்குறைவால் அளவுக்கு மீறி எஞ்சின் எண்ணெய் ஊற்றப்பட்டதே பழுதுக்குக் காரணம். உத்தரவாதம் பொருந்தாது."

வாரண்டி போய்விடும் என்று பயந்து நான் அந்த பானெட்டைத் திறந்ததுகூட இல்லை. எண்ணெய் மாற்றியதெல்லாம் அவர்கள் பணிமனையில்தான்.

கவனக்குறைவு. அந்தச் சொல்லை நம் குடும்பத்தில் இதற்கு முன்பும் ஒருவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

என்ன ஆகியிருக்கும், சொல்.

அக்கா

11 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. அந்த வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்றுகூட வேண்டாம். யார் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதே. மீதியைப் பிறகு படி.

இங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தருவார்கள். உன் கடிதத்தைத் தந்த வார்டர், "உங்கக்கா ரொம்ப நல்லா எழுதுறாங்கப்பா, எனக்கே கை சில்லுன்னு ஆயிடுச்சு" என்றார். எனக்கு கை மட்டும் இல்லை.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ என்று ஒன்று இருக்கிறது. அது தேய்ந்துபோனால் எஞ்சினின் எண்ணெய் அந்தக் காற்றோடு கசிந்து உள்ளே போகும். டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். சாவி டீசலைத்தான் நிறுத்தும். தன் எண்ணெயைத் தானே தின்கிறதை யார் நிறுத்துவது? எண்ணெய் தீர வேண்டும், இல்லை, எஞ்சின் சிதற வேண்டும். அந்தக் கொதிகலன்காரர் காலில் விழுந்து கும்பிடலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றினாலும் இப்படி ஆகலாம். அவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறார்கள். கேட்பவர்களுக்கு நம்பும்படி இருக்கும்.

உன்னிடம் ஏதாவது காகிதம் நீட்டினார்களா? அதை உடனே எழுது.

நீ எழுதினாய். அதுவே எனக்குப் போதும். கோபம் இருந்தால் இருக்கட்டும்.

தம்பி

17 ஆகஸ்ட்

தம்பிக்கு,

உனக்கு மூக்கில் வியர்க்கிறது. நீட்டினார்கள்.

வண்டி வாங்கிய இடத்துக்கு நான் சண்டை போடத்தான் போனேன். கண்ணாடி அறை, குளிர்சாதனம். மேலாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். தேன் ஒழுகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது?

"அம்மா, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. விதிப்படி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல? ரிப்பேர்ல பாதியை நாங்க ஏத்துக்கிறோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதுறதுதாம்மா."

படித்தேன். எண்ணெய் அளவைக் கவனிக்காமல் விட்டது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேனாம். இனி இது பற்றி யார் கேட்டாலும் பொறுப்பு என்னுடையதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக அந்தப் பையைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மாமா போடச் சொல்கிறார். "பெரிய இடத்தோட மோதி நாம என்ன பண்ணப்போறோம்? பாதி வருதுன்னா வாங்கிட்டு வாயை மூடிக்கலாம். உன் தம்பிகூட..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். பயத்தில் நான் கத்துகிறேன், அவர் குனிகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. காஜாக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம்கூடப் போடவில்லை. "எங்கம்மா எழுந்து நடக்கலைன்னா உங்களை நான் நடக்க விட மாட்டேன்" என்றான். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள், கம்பெனி என்ன காரணம் சொல்கிறது என்று பார்த்துவிட்டு யார்மேல் வழக்கு என்று முடிவு செய்வார்களாம்.

அப்படியென்றால் அந்தக் காகிதம்தானே காரணம் ஆகும்? மேலாளருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மருத்துவமனைக்குப் போனேன். காஜாக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் வீட்டுக் கதவைப் பூட்டும்போதுகூட, சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி காது கொடுத்துக் கேட்கிறேன். கதவு கத்துமா என்று. பைத்தியம் பிடிக்கப்போகிறதோ என்னவோ.

அக்கா

23 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். நீ கேட்டதில்லை, திட்டத்தான் செய்தாய். திட்டு நியாயம்தான்.

நான் கையெழுத்துப் போட்ட அறையிலும் அன்பாகத்தான் பேசினார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் ஓட்டிப் பள்ளத்தில் உருண்ட பஸ்ஸில் செத்தவர்கள் இரண்டு பேர் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அழுதேன். கம்பெனி வக்கீல் என் முதுகைத் தடவினார். "பிரேக்கைப் பாக்காம எடுத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு, சீக்கிரம் வெளிய வந்துடலாம். இல்லைன்னா இழுத்துக்கிட்டே போகும்" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அக்கா, பேனா மூடியைக் கழற்றித் தருகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு.

அன்று காலை நான் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பிடித்தது. டிப்போ வாசலில் இரண்டு தரம் பார்த்தேன். இதை இப்போது எழுதும்போது என் கை தயங்குகிறது. ஏன் தெரியுமா? கையெழுத்துப் போட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் பார்த்தேனா? அது முந்தின நாளா? தினமும் அந்தக் காலையை நினைத்து நினைத்து, இப்போது அதில் என் கால் பிரேக்கில் இருக்கிறதா என்றே சரியாகத் தெரியவில்லை. இங்கே பூட்டி வைத்திருப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய பயம்.

நீயும் போட்டால், கொஞ்ச நாளில் நீயே எண்ணெய் ஊற்றியதாக உனக்கு ஞாபகம் வரும். சிரிக்காதே. வரும்.

போடாதே என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார். என் பேச்சைக் கேட்டுப் போடாமல் இருந்து, அதனால் அவர்கள் இன்னும் பெரிதாக எதையாவது உன்மேல் போட்டுவிட்டால்? எனக்கு யோசனை சொல்லவே பயமாக இருக்கிறது. என் யோசனையால் யாருக்கு நல்லது நடந்திருக்கிறது?

ஆனாலும் போடாதே.

தம்பி

2 செப்டம்பர்

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போடாமல். மேலாளரின் தேன் தீர்ந்துவிட்டது. "சரி, அப்ப டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் பணிமனைக்கு, பழுதின் காரணத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிற சர்வேயர் வருவாராம். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, சரியான அளவில் புதிதாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து காட்டுவார்களாம். ஒழுங்காக ஓடினால், அளவு மீறியதுதான் காரணம் என்று ஆகிவிடும். என் கையெழுத்தே தேவையில்லை. அந்த அறிக்கையைப் போலீசுக்கும் அனுப்புவார்கள்.

ஸ்டார்ட் பண்ண வேண்டாம், டர்போவைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். "அதெல்லாம் சர்வேயருக்குத் தெரியும்மா" என்றார். என் கண் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்கு இப்போது இரண்டு பயம். அது மறுபடி கத்திவிடுமோ என்று ஒன்று. கத்தாமல் நல்ல பிள்ளையாக ஓடிவிடுமோ என்று இன்னொன்று. எது பெரியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாமா இரண்டு நாளாகப் பேசவில்லை.

அக்கா

6 செப்டம்பர்

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

போகாதே என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. போயே தீருவாய் என்றால் பக்கவாட்டில் நிற்காதே, எஞ்சின் உடைந்தால் இரும்பு பக்கவாட்டில்தான் பாயும் என்று சொல்லியிருப்பேன். கதவுக்குப் பக்கத்தில் நில் என்று சொல்லியிருப்பேன். இப்போது யாரிடம் சொல்வது?

வார்டரிடம் ஒரு போன் பண்ண வேண்டும் என்று கெஞ்சினேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. இங்கே தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் ஒன்று இருக்கிறது. அதை நிறுத்துகிற நேரத்தில் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். பக்கத்து அறைக்காரன் சிரிக்கிறான்.

ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

தம்பி

9 செப்டம்பர்

தம்பிக்கு,

இருக்கிறேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இனி நிதானமாகப் படி.

சர்வேயர் நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முரட்டு ஆளில்லை. எனக்கு வணக்கம் சொன்னார். அவரே பக்கத்தில் நின்று எண்ணெயை வடிக்கச் சொன்னார், புதிதாக ஊற்றச் சொன்னார். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்து என்னிடமும் காட்டினார். "பாத்துக்கோங்கம்மா, கோட்டுக்கு மேல ஒரு நூல்கூட இல்ல." நானும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"சார், கழட்டிப் பாருங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று அவரிடமும் கேட்டேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓடியது தம்பி. பூனைக்குட்டி மாதிரி ஓடியது. மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நான்தான் ஏதோ செய்துவிட்டேனோ, எப்போதாவது பானெட்டைத் திறந்தேனோ, மாமா ஊற்றியிருப்பாரோ என்றெல்லாம் மனதில் ஓட ஆரம்பித்தது. நீ எழுதினாயே, ஞாபகம் வரும் என்று. அங்கேயே வந்துவிட்டது.

சர்வேயர் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். சத்தம் ஏறிவிட்டது. புகை எழுந்து கூரையில் முட்டித் திரும்பி வந்தது. சாவியைத் திருப்பி உருவினார். உருவியதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார், ஏதோ அதைப் பார்த்தால் எஞ்சினுக்குப் புரியும் என்பது போல. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். மேலாளர் கண்ணாடி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஒருவன் சாக்கோடு வந்தான், பானெட்டைத் தொட முடியாமல் அவனும் ஓடிவிட்டான்.

சர்வேயர் மட்டும் இறங்கவில்லை. சாவியை மறுபடி போட்டுத் திருப்புகிறார், உருவுகிறார், போடுகிறார். அந்த முகத்தை நான் எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். அன்று ஆலை வாசலில் வண்டியின் கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான்.

என் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை. "இறங்குய்யா!" என்று கத்தினேன். ஒரு அதிகாரியை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம். டயர் அடுக்குக்குப் பின்னால் தவழ்ந்து போனோமோ இல்லையோ, வெடிச்சத்தம். எஞ்சினைக் கிழித்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு பறந்து எதிரில் நின்ற காரின் கதவில் பாய்ந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. எண்ணெய் மட்டும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சாவி என் கையில இருந்துச்சும்மா" என்றார் அவர். "எடுத்துட்டேன். கையிலதான் இருந்துச்சு." சின்னப் பிள்ளை மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேலாளர் மெதுவாக வெளியே வந்தார். "எண்ணெய் அளவு கொஞ்சம் முன்ன பின்ன ஆயிருக்குமோ சார்?" என்று கேட்டார்.

சர்வேயர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அளந்து பார்த்தது நான்" என்றார்.

ஆனால் எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மனிதனுக்குப் பயம் தெளிந்துவிடும். பயம் தெளிந்ததும் அவர் மாற்றி எழுதிவிட்டால்? எஞ்சினும் போய்விட்டது, இனிமேல் யாருக்கும் எதையும் காட்ட முடியாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே மாமா எழுந்து நின்றுவிடுகிறார். பேச ஆரம்பித்துவிட்டார், அது ஒன்றுதான் நல்ல செய்தி.

அக்கா

16 செப்டம்பர்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேர் படித்துவிட்டார்கள், நான் நாலாவது. வார்டர், "அந்த சர்வேயர் சரியா எழுதிட்டாரான்னு அடுத்த கடிதத்துல கேளுப்பா" என்று தினமும் கேட்கிறார்.

நீ கோபித்துக்கொள்ளப் போகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் முன்விடுதலைக் குழு கூடியது. என் பெயரும் இருந்தது. நான் செய்த கவனக்குறைவுக்கு வருந்துகிறேன் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்திருந்தால் இந்த வருடக் கடைசிக்குள் வீட்டுக்கு வந்திருப்பேன்.

பேனாவை வாங்கினேன். செத்துப்போன இருவருக்காகத் தினமும் வருந்துகிறேன் என்று எழுதினேன். அது சத்தியம். அடுத்த வரியில், அன்று காலை பிரேக்கை அழுத்திப் பார்த்தேன், பிடித்தது என்று எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு என்னையே பார்த்தார். "யோசிச்சுக்கோ. இதை இப்படியே குடுத்தா இந்தத் தடவை நீ வெளிய போக முடியாது" என்றார். மனிதர் கெட்டவரில்லை. வேறு தாள் கூட எடுத்து வைத்தார்.

வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு அறைக்கு வந்ததும் இன்னும் எத்தனை நாள் இங்கே என்று விரல் விட்டு எண்ணினேன். தப்பு பண்ணிவிட்டேனோ? போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு, என் கை ராசி அப்படி.

ஆனால் அந்தக் காலை திரும்ப வந்துவிட்டது அக்கா. டிப்போ வாசல், ஈரத் தரை, என் கால். எல்லாம் தெளிவாக இருக்கிறது.

தம்பி

5 அக்டோபர்

தம்பிக்கு,

நேற்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததும், சொல்ல வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு உன் முடி கொட்டியதைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறேன். நீயும் அதற்கு எண்ணெய் வைத்தியம் கேட்டாய். நல்ல ஜோடி. அதனால் எழுதுகிறேன்.

சர்வேயர் நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டார். டர்போ தேய்ந்து எண்ணெய் கசிந்ததுதான் காரணம், உரிமையாளர் பொறுப்பல்ல. புது எஞ்சின் போட்டு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். மேலாளர் மறுபடி தேன். காஜாக்காவின் மகன் இப்போது வண்டி விற்றவர்கள்மேல் எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அவன் அம்மா இன்னும் தாங்குகட்டை பிடித்துத்தான் நடக்கிறார். போன தடவை போனபோது என் பக்கம் திரும்பினார். "நான் இனிமே எந்த வேன்லயும் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். ஏற வேண்டாம் அக்கா என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

நீ எழுதிக் கொடுத்ததைச் சொன்னதும் மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் கோபப்படவில்லை. பயந்தேன். எவ்வளவு நாள் அங்கே இருப்பாயோ என்று பயந்தேன். உன் வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறேன். உடனே ஆகாது, ஆகாமலும் போகலாம் என்றார். மூடி கழற்றிய பேனா எதையும் அவர் நீட்டவில்லை, அதனால் நம்பலாம் என்று நினைக்கிறேன். நீதிமன்ற வாசலில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். நேற்று நான் பஸ்ஸில் வரவில்லை. வேனை எடுத்துக்கொண்டு வந்தேன், தனியாக. வழியெல்லாம் ஜன்னலை இறக்கி, பாட்டு எதுவும் போடாமல், சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். உங்கள் மதில் ஓரம் நிறுத்தி சாவியைத் திருப்பினேன். நின்றுவிட்டது. இறங்க மனம் வரவில்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி நிறுத்தினேன். திரும்பவும்.

வாசல் காவலர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நடந்து வந்தார். "என்னம்மா, வண்டியில ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லைங்க. நிக்குதான்னு பாக்குறேன்."

"அதான் நின்னுடுச்சே."

"ஆமா" என்றேன். "இன்னிக்கு நின்னுடுச்சு."

அப்புறம்தான் உள்ளே வந்தேன்.

அக்கா